ஜன்னலில் ஒரு கடைவாய்ப் பல்

பதினோராம் அத்தியாயம்

ஷேக் அலாவுதீன், சூலியா ஸ்ட்ரீட்டில் இருந்த தம்பியின் பல் வைத்தியசாலைக்குத் தம்மைத் தாமே மானேஜராக நியமித்துக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். அந்த நியமனத்தை ஆட்சேபித்திருக்க வேண்டிய தம்பி ஜபருல்லா, அப்போது ஒரு நோயாளியின் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டிருந்தார். கை வெளியே வந்தபோது பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது.

அலாவுதீன் வெறுங்கையோடு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் தருவித்த ஒரு புத்தகத்தோடு வந்தார். பல் வைத்தியர்கள் தொழிலை எப்படி நடத்த வேண்டும், நோயாளியை எவ்வளவு நேரம் காக்க வைத்தால் மரியாதை கூடும், எந்த நிறத் திரை போட்டால் பயம் குறையும் என்று அதில் அறுபத்து நான்கு விதிகள். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருபது வருஷம் சீட்டுக் கிழித்த அலாவுதீன் அதை ஒன்பது நாளில் படித்து முடித்தார். பத்தாம் நாள் நிபுணராகிவிட்டார்.

அந்த அறுபத்து நான்கில் இல்லாத ஒரு விதியை ஜபருல்லாவின் மனைவி சித்தி ஹாஜரா இரண்டு வருஷமாகக் கடைப்பிடித்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் நாள். பின்சந்து வாசல் வழியாக வருவார்கள். ஜபருல்லா பல்லைப் பிடுங்குவார். ஹாஜரா விளக்கைப் பிடிப்பாள், கையைப் பிடிப்பாள், துப்பட்டியை வாயளவுக்கு மட்டும் விலக்கிப் பிடிப்பாள். பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றி, பெயரும் வயதும் எழுதிய சீட்டோடு பொட்டலம் கட்டி, மறுநாள் தானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் மண்ணில் புதைக்கிற ஜனங்கள், பல்லை மட்டும் குப்பைக்கு விடுவார்களா?

"உங்க பல்லு உங்க கைக்கு வரும். அந்நிய ஆம்பளை கண்ணுல படாது."

ஹாஜராவின் இந்த ஒரு வாக்கை நம்பித்தான் அந்த வட்டாரத்துப் பெண்கள் வாயைத் திறந்தார்கள். அதற்கு முன்னால் கன்னம் வீங்கி, காய்ச்சல் கண்டு, கிராம்பைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்கள் அவர்கள்.

போன செவ்வாய்க்கிழமை எட்டுப் பற்கள் பிடுங்கினார்கள். மறுநாளே ஹாஜராவுக்குக் காய்ச்சல். எட்டுப் பொட்டலங்களும் அலமாரியில் தகர டப்பாவிலேயே தங்கிவிட்டன.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் எட்டு மணிக்கே வந்து வெந்நீர் போட்டாள். ஒன்பது ஆயிற்று. சந்தில் ஒரு ரிக்‌ஷா இல்லை. வெந்நீர் ஆறிப்போய் மறுபடி கொதித்தது. பத்து மணிக்கு முன்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பல் வைத்தியசாலையில் கூட்டமாகச் சிரிக்கிற வழக்கம் இல்லை.

பின்வாசலில் நிழல் தட்டியது. டத்தோ கிராமாட் ரோட்டு ஹபீபா பீவியின் வீட்டில் சமைக்கிற காமாரியா. வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"உள்ள வா காமாரியா. பீவியம்மாவுக்கு இன்னும் வலிக்குதா?"

"வலி வாயில இல்ல. பல்லை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"இன்னைக்கு நானே கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன். படுத்துட்டேன்லா போன வாரம்."

ஹாஜரா அலமாரியைத் திறந்தாள். டப்பா இருந்தது. டப்பாவுக்குள் ஒன்றும் இல்லை.

"அங்க என்னத்தத் தேடுறீங்க? முன்னால போய்ப் பாருங்க. தெருவே பாத்துக்கிட்டு நிக்குது. பீவியம்மாவோட மருமவன் பாத்துட்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படிச்சே காட்டிட்டாரு. வயசு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்காமே? எங்க வீட்டுல நாப்பத்தஞ்சுதான்."

"என்ன சொல்றே நீ?"

"பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொல்றதுக்குள்ள பல்லு வீட்டுக்கு வரணும். இல்லேன்னா இந்த வாசப்படியில ஒரு பொம்பளை காலடியும் படாதாம். அப்படியே சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

காமாரியா போய்விட்டாள்.

இரண்டு வருஷத்தில் ஹாஜரா முன்வாசல் வழியாக வெளியே போனதில்லை. அன்று போனாள். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடையின் முன்நடையான அஞ்சடியில் வந்து நின்றாள்.

ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டு. வெல்வெட்டின் மேல், நகைக்கடையில் மோதிரங்களை அடுக்குவதுபோல ஏழு பற்கள். ஒவ்வொன்றின் கீழும் தங்க மையில் எழுதிய அட்டை. நடு நாயகமாக ஒரு பெரிய கடைவாய்ப் பல்.

'ஹாஜியானி ஹபீபா பீவி அவர்கள், டத்தோ கிராமாட் ரோடு. வயது 58. இடது கீழ்க் கடைவாய்ப் பல். வேதனையின்றி எடுக்கப்பட்டது.'

பக்கத்தில் அதுவே இங்கிலீஷிலும் இருந்தது, வெள்ளைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"அடேயப்பா! இது பல்லா, அம்மிக் குழவியா?" என்றான் ஒரு ரிக்‌ஷாக்காரன்.

"ஹாஜியார் வீட்டுப் பல்லுலா. பெரிய குடும்பம், பெரிய பல்லு" என்றார் நோட்டு மாற்றுகிற கடைக்காரர்.

"இதோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்காரே ஹாஜியாரு, அவருக்குல்ல மெடல் குத்தணும்!" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அலையலையாகப் போயிற்று. ஹாஜராவுக்குக் காது மடல் சுட்டது. பெட்டியைத் திறக்கப் பார்த்தாள். பூட்டு தொங்கியது.

உள்ளே அலாவுதீன் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு மணி, ஒரு மைக்கூடு, ஒரு புத்தகம். பல் சம்பந்தமாக ஒன்றும் இல்லை, அவருடைய பற்களைத் தவிர.

"சீட்டு எடுத்தாச்சா?" என்றார் தலை நிமிராமல்.

"மச்சான், பெட்டிச் சாவி குடுங்க."

"விதி நாலு. வர்றவங்க முதல்ல பேரு..." நிமிர்ந்தார். "ஹாஜராவா! முன்பக்கமா வந்தியா நீ? நல்லா இல்லியேம்மா. ஆம்பளைங்க நடமாடுற இடம்."

"துப்பட்டி போட்டுக்கிட்டு நான் வந்தா நல்லா இல்ல. ஹபீபா பீவி பல்லு ஜன்னல்ல குந்தியிருந்தா நல்லா இருக்கா?"

"ஓ, அதுவா!" அலாவுதீன் முகம் மலர்ந்தது. பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "புத்தகத்துல பிளாஸ்டர்ல செஞ்ச பல்லைத்தான் வைக்கச் சொல்றான். நான் யோசிச்சேன். பொய்ப் பல்லைக் காட்டி ஜனங்களை ஏமாத்தறதா? எதிர்க்கடைச் சீனர் அசல் பல்லையே கூடையா குவிச்சு வெச்சிருக்காரு. ஆனா பேரு இல்ல. பேரில்லாத பல்லுக்கு என்ன கௌரவம்? பேரு போட்டேன். விடிஞ்சதுலேர்ந்து இருநூத்திப் பதினேழு பேரு நின்னு பாத்திருக்காங்க. நானே எண்ணினேன்."

"இன்னைக்குச் செவ்வாக்கெழமை. பின்வாசல்ல எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ணினீங்களா? ஒரு ஈ வரல."

"பொம்பளைங்க கோவம் போயிரும். பல்லுவலி போகாதும்மா. வருவாங்க."

"வர மாட்டாங்க. செத்தாலும் வர மாட்டாங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"பல்லுக்கு ஏதும்மா கோஷா? அது என்ன, பேசுதா, பாக்குதா?"

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஜபருல்லா காலால் மிதிக்கிற துளைப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனை 'நானா' என்றே கூப்பிடுகிற கணவனுக்குக் கேட்கும்படி ஹாஜரா குரலை உயர்த்தினாள்.

"என்னாங்க! கேக்குதா உங்க நானா பேசறது?"

பொறி நின்றது. ஒரு மூச்சு நேரம். மறுபடி ஓடத் தொடங்கியது.

கல்கத்தாவில் படித்துப் பட்டயம் வாங்கியவர் ஜபருல்லா. சீழ் வைத்த ஈறைக் கண்டு அஞ்சமாட்டார். தாடை எலும்புக்குள் முறிந்து நின்ற வேரைத் தேடிப் போய்ப் பிடித்து வருவார். அண்ணன் என்ற வஸ்துவுக்குத்தான் அவர் படித்த காலேஜில் மருந்து சொல்லித்தரவில்லை.

ஹாஜரா திரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மெல்ல எண்ணினாள்.

"மச்சான், டப்பாவுல எட்டுப் பொட்டலம் வெச்சேன். இங்க ஏழுதான் இருக்கு."

அலாவுதீன் மணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"போன செவ்வாக்கெழமை உங்க வீட்டு மச்சிக்கும் ஒண்ணு எடுத்தோம். நூர் பீவி மச்சி பல்லு எங்க?" என்று அவர் மனைவியின் பல்லைக் கேட்டாள் ஹாஜரா.

"அது வந்து... நம்ம குடும்பத்துப் பல்லு. முறைப்படி கொல்லையில அடக்கம் பண்ணிட்டேன்."

"ஓ! உங்க வீட்டுப் பல்லுக்கு மண்ணு. ஊரான் வீட்டுப் பல்லுக்கு வெல்வெட்டு!"

"குரலை ஒசத்தாதே. விதி இருபத்தொண்ணு..."

அவள் திரையை விலக்கிக்கொண்டு போனாள். பெண்கள் வராத நாற்காலியில் சாய்ந்திருந்த செட்டியார் ஒருவர் திறந்த வாயோடு அவளைப் பார்த்தார். ஜபருல்லா அவளைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து கீழ்க் கடைவாய்க் குறடை எடுத்துக்கொண்டு அவள் அஞ்சடிக்குத் திரும்பினாள்.

இரண்டு வருஷம் விளக்குப் பிடித்தவளுக்குத் தெரியும், பிடித்தவுடன் இழுக்கக் கூடாது. முதலில் கீழே அழுத்த வேண்டும். இடப்பக்கம் அசை. வலப்பக்கம் அசை. பிடி தளர்வது மணிக்கட்டுக்குத் தெரியும். அப்போது ஒரு திருப்பு.

பூட்டு கொண்டியோடு கையில் வந்தது.

அஞ்சடியில் ஒரு சத்தம் இல்லை. பிறகு ரிக்‌ஷாக்காரன் மெதுவாகக் கேட்டான். "மரத்துப்போற ஊசி போட்டாங்களா?"

ஹாஜரா ஏழு பற்களையும் அட்டைகளோடு கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அந்த ரிக்‌ஷாவிலேயே ஏறினாள்.

"பொருள் சேதம்! போலீசுக்குப் போவேன்!" என்று பின்னால் அலாவுதீன் கத்தினார். என்ன காணாமல் போனது என்று போலீஸ்காரர் கேட்டால் என்ன சொல்வது என்பதற்குப் புத்தகத்தில் விதி இல்லை. ஆகவே போகவில்லை.

ஹபீபா பீவி நடுக்கூடத்தில் சாய்மணையில் வீற்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் நாலு வடம். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. முகத்து வீக்கம் வடியவில்லை. உட்காரச் சொல்லவில்லை.

"பீவியம்மா, தப்பு எங்க வீட்டுல நடந்துபோச்சு. என்னை மன்னிக்கணும். இந்தாங்க."

பீவி அந்தப் பெரிய பல்லை விரலில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். அப்படியே ஹாஜராவின் கையில் போட்டார்.

"இது என்னோடது இல்ல."

"பீவியம்மா..."

"எம் பல்லு எனக்குத் தெரியாதா? பிடுங்கினதும் நீதானே காட்டினே. வேரு தூண்டில் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. இது நேரா கெடக்கு, மாட்டுப் பல்லு மாதிரி. இவ்வளவு பெருசா இருக்குமா எனக்கு?" சாய்மணையிலிருந்து பாதி எழுந்தார். "அப்ப எவ பல்லைப் பாத்துடி எம் பேரைச் சொல்லிச் சிரிச்சானுங்க?"

ஹாஜரா பல்லைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"மக்ரிபு வரைக்கும் பொறுப்பேன். மத்த வீட்டுப் பொம்பளைங்களையும் இங்க வரச் சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் நீயாச்சு, உம் மச்சானாச்சு."

மூன்று மணிக்கு ஹாஜரா பின்வாசல் வழியாக வைத்தியசாலைக்குள் வந்தபோது ஜபருல்லா தனியாக இருந்தார். பகல் சாப்பாடு தொடாமல் கிடந்தது. அலாவுதீன் ஓய்வுக்காக வீட்டுக்குப் போயிருந்தார்; உழைக்கிற மானேஜருக்கு ஓய்வு அவசியம் என்பது விதி ஐம்பத்தாறு.

அவள் துண்டை விரித்து ஏழு பல்லையும் கொட்டினாள்.

"எது யாரோடது? சொல்லுங்க."

ஜபருல்லா குனிந்தார். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவர், பல்லைக் கண்டதும் வேறு ஆளாகிவிட்டார்.

"இது ரொட்டிக் கடை வீட்டு அம்மாவோடது. உள்பக்கம் சொத்தை. இது வெத்தலைக் காவி, கடற்கரைத் தெரு. அட்டையில வேற பேரு போட்டிருக்கே?" இன்னொரு அட்டையைப் பார்த்தார். இன்னொன்று. "எல்லாமே மாறியிருக்கு ஹாஜரா. ஒண்ணாப் போட்டுக் கழுவியிருக்காங்க. சோடா வாசனை அடிக்குது."

"இந்தப் பெரிசு?"

அவர் அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது நூர் பீவி மச்சியோடது."

ஹாஜரா அந்தப் பல்லை மட்டும் தனியே நகர்த்தி வைத்தாள்.

"அப்ப தூண்டில் வேரு?" என்றாள் ஹாஜரா.

"நானா வீட்டுக் கொல்லையில."

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வந்தது சிரிப்பில்லை.

"காலையில உங்க பொறி நின்னுச்சு. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத் திரும்ப மிதிச்சீங்க. அவரு புத்தகத்துல அப்படி எழுதியிருந்துச்சா, இல்ல நீங்களாவே செஞ்சீங்களா?"

ஜபருல்லா வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ரிக்‌ஷா நிக்குதா?" என்றார்.

ஆர்கைல் ரோட்டு வீட்டில் அலாவுதீன் கோட்டைக் கழற்றாமலே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையை வைத்தார்.

"ஆமா, ஒரே பேசின்ல போட்டுக் கழுவினேன். அழுக்குப் பல்லையா காட்சிக்கு வைக்க முடியும்? பொட்டலத்தைப் பிரிச்ச வேகத்துல சீட்டெல்லாம் கலந்துபோச்சு. அதனால என்ன? அந்தஸ்துப்படி அடுக்கினேன். பெரிய குடும்பத்துக்குப் பெரிய பல்லு. கோணலா ஒண்ணு கெடந்துச்சு, அசிங்கமா. சரி, இது நம்ம..."

நிறுத்திக்கொண்டார். தாமதமாகத்தான் நிறுத்தினார். அடுக்களை வாசலில் நூர் பீவி நின்றாள்.

"சொல்லுங்க. கோணலா, அசிங்கமா ஒண்ணு கெடந்துச்சு. அப்புறம்?"

"உன்னோடதா இருக்கும்னு..."

"பாத்ததும் எம் ஞாபகம் வந்துருச்சாக்கும்!"

"நூரு, வந்தவங்க முன்னால..."

"எம் பல்லு தெருவுல இருந்துச்சா? எத்தனை பேரு பாத்தானுங்க?"

"அதிகம் இல்லலா. நாலஞ்சு பேரு. அதுவும் அவசரமாப் போறவங்க."

"இருநூத்திப் பதினேழு" என்றாள் ஹாஜரா. "மச்சானே எண்ணினாங்க."

நூர் பீவி உள்ளே போனாள். வந்தபோது கையில் மண்வெட்டி இருந்தது. அதைக் கணவரின் காலடியில் போட்டாள். அது பட்ட சத்தத்தில் கோப்பை ஆடியது.

"தோண்டுங்க."

"ஆளை விட்டு..."

"புதைக்கிறப்ப ஆளு வெச்சா புதைச்சீங்க?"

நங்கா எனும் பலாமரத்தடி என்றார் அலாவுதீன். அங்கே தோண்டினார், இல்லை. கிணற்றோரம் என்றார். அங்கேயும் இல்லை. கோட்டின் கையெல்லாம் சேறு. தொப்பி நழுவி நழுவிக் கண்ணை மறைத்தது. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது குழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"ஜபரு, நீயாவது சொல்லேன் இவங்ககிட்ட. நாளைக்குப் பாத்துக்கலாம்னு."

பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு "சரி நானா" என்பதைத் தவிர வேறு வாக்கியம் சொல்லியிராத ஜபருல்லா குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆழமாத் தோண்டுங்க நானா."

கிடைத்தது. பஞ்சு மட்கவில்லை, வேர் தூண்டில்போல வளைந்திருந்தது. ஜபருல்லா அதைச் சட்டைத் துணியில் துடைத்து மனைவியிடம் கொடுத்தார். நூர் பீவி தன் பல்லை ஹாஜராவிடமிருந்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, கதவை உள்பக்கம் தாழிட்டாள். குழிக்குள் நின்ற மானேஜர் வெளிப்பக்கம் இருந்தார்.

டத்தோ கிராமாட் ரோட்டில் ஹபீபா பீவி வீட்டு வாசலில் ஆறு ரிக்‌ஷாக்கள் வரிசையாக நின்றன. ஜபருல்லா அவற்றோடு வெளியே நின்றுகொண்டார். ஹாஜரா உள்ளே போனாள்.

கூடத்தில் துப்பட்டிகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தன. ஒருத்தியும் சலாம் சொல்லவில்லை. ஹாஜரா முதலில் ஒவ்வொருத்தியிடமும் போய், குனிந்து, அவரவர் பல்லை அவரவர் கையில் வைத்தாள். கடைசியாகப் பீவியிடம் வந்தாள்.

பீவி விரல் நுனியால் வேரைத் தடவினார். "மண்ணு ஒட்டியிருக்கு."

"ஒருதடவை அடக்கம் ஆயிருச்சு பீவியம்மா. தப்பான கொல்லையில."

மூலையில் ஒரு துப்பட்டி குலுங்கியது. பீவி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், குலுங்கல் நின்றது.

"அப்ப அந்த மாட்டுப் பல்லு?"

ஹாஜரா நிமிர்ந்தாள். "அது ஒரு பொம்பளையோடது. அவ பேரு எங்கிட்ட இருக்கு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க பேரையும் நான் தெருவுக்குச் சொல்லல. நான் எழுதின சீட்டைத் திருடித்தான் போட்டாங்க."

வெளியே பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். பீவி பல்லை உள்ளங்கையில் மூடினார். பாங்கு முடிகிறவரை ஒருவரும் அசையவில்லை.

"உன்னை நம்புறோம்" என்றார் பீவி. "அந்தக் கடையை நம்பல. இனி சூலியா ஸ்ட்ரீட்ல எங்க கால் படாது. உம் புருஷன் கெட்டிக்காரர்தான். ஆனா அவரு வாயைத் திறக்கவே பத்து வருஷம் ஆகும்போல இருக்கே. இந்தா இவளுக்கு நேத்துலேர்ந்து தாடை வீங்கிக் கெடக்கு. எங்க போவா?"

சுவரோரத்தில் ஒரு சின்னப் பெண் துப்பட்டிக்குள் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். ஹாஜரா அவளையே பார்த்தாள்.

"வீக்கம் வடிய இவளுக்கு மருந்து அனுப்பறேன். அடுத்த செவ்வாக்கெழமை எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் வாங்க" என்றாள். "நாற்காலி அங்க இருக்கும்."

சாய்கிற, சுழல்கிற அந்த இரும்பு நாற்காலி ஒன்றே ஒன்றுதான். சூலியா ஸ்ட்ரீட்டில், அலாவுதீனின் மேஜைக்கு எதிரே பச்சைத் திரைக்குப் பின்னால், நாலு போல்ட்டில் தரையோடு நிற்கிறது. அதைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். ஏழு நாளில் அது வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்கிற விஷயம், வாசலில் ரிக்‌ஷாக்காரர்களோடு நின்றுகொண்டிருந்த அதன் சொந்தக்காரருக்கு இன்னும் தெரியாது.